பந்தல் காலில் கட்டிய அட்டை

நான் ஒரு பெண்ணின் மேல் பொய்ப்பழி சுமத்தினேன். சுமத்திய நாளில் அது பொய் என்று எனக்குத் தெரியாது. ஒன்பது நாளில் தெரிந்துவிட்டது. அதன் பிறகும் ஓராண்டுக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. முதலாவதை அறியாமல் செய்தேன் என்று சொல்லலாம். இரண்டாவதற்கு என்னிடம் சாட்டு எதுவும் இல்லை.

தெல்லிப்பழையில் பெரிய வீதியை விட்டு ஒழுங்கை என்ற சிறு தெரு இறங்கும் முடக்கில் என் கடை இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றபின் தொடங்கியது. போட்டோக் கொப்பி, கலியாணக் கார்ட் எல்லாம் செய்வோம். ஆனால் கடைக்குப் பெயர் தந்தது கல்வெட்டு. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அன்று வருபவர்களின் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், இறந்த திதியைச் சொல்லும் ஒரு வெண்பா, பிறகு மனைவி, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு பட்டியல். அதுதான் கல்வெட்டு. நான் வேதக்கார வீட்டில், கிறிஸ்தவனாகப் பிறந்தவன். எங்களுக்குக் கல்வெட்டு இல்லை. ஆனாலும் அந்தப் பட்டியலின் கனம் எனக்கு விரைவிலேயே விளங்கிவிட்டது. யாருடைய பெயர் முதலில் வந்தது, யாருடையது விடுபட்டது என்பதற்காக வருடக்கணக்காகக் கதைபேச்சு இல்லாத வீடுகள் எங்கள் வாடிக்கையில் இருந்தன.

அச்சுக் கோர்ப்பதும் வெண்பா எழுதுவதும், நான் பழி சுமத்திய அந்தப் பெண்ணின் வேலை. பதினொரு வருடம் என்னிடம் இருந்தார். தொண்டைமானாற்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். நாற்பது கடந்தவர், கலியாணம் செய்யவில்லை, அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். அந்தக் குடும்பத்தில் அவருடைய சம்பளத்துக்கு இடம் இருந்தது, அவருக்கு எவ்வளவு இடம் இருந்தது என்று நான் கேட்டதில்லை. அவருக்கென்று இருந்தது ஒரு நல்ல பெயர்தான். வீடுகளின் இரகசியம் முழுவதும் அவர் மேசைக்கு வந்து போகும். ஒன்றுகூட வெளியே போனதில்லை.

பகிடிக்கும் குறைவில்லை. ஒருநாள் பஞ்சாங்கத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "சேர், உங்கடை ஆள் ஏகாதசியிலை செத்திட்டார். அந்தச் சொல்லு வெண்பாவுக்குள்ளை அடங்காது. ஒருநாள் பொறுத்திருந்தா துவாதசியிலை போயிருக்கலாம்."

"போய்க் கேட்டுப் பாரன் பிள்ளை" என்றேன்.

"கேட்டா நீங்கள்தான் ரெண்டாவது கல்வெட்டு அடிக்கவேண்டி வரும்."

அந்தக் கடையில் அப்படித்தான் பொழுது போனது.

வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் செத்தவீட்டை நேரலையாகப் பார்க்க விரும்பிய காலம் வந்தது. அதற்காக சிம் போட்டு வேலை செய்யும் ஒரு ரவுட்டர் வாங்கினேன். கையளவு வெள்ளைப் பெட்டி. எங்கு கொண்டுபோனாலும் வைஃபை தரும். யாரையும் கூப்பிடாமல், விளக்கப் புத்தகத்தை வாசித்து நானே பூட்டினேன். எழுபது வயதில் அதைச் செய்தேன் என்பதில் எனக்கு நிறையப் பெருமை. பை என்னும் எண்ணின் தானங்களையும் என் பழைய பள்ளிக்கூட இலக்கத்தையும் கலந்து பன்னிரண்டு இலக்கக் கடவுச்சொல் போட்டேன். அவருக்கு மட்டும் சொன்னேன். "இது உனக்கும் எனக்கும்தான் தெரியவேணும்" என்று சொன்னது நினைவிருக்கிறது. கடையின் இரண்டு கணினிகளிலும் திறக்கக்கூடியதாக ஒரு பொதுக் கோப்புறை வைத்தோம். அதற்குப் பூட்டுப் போடவில்லை. உள்ளே வருவது நாங்கள் இரண்டு பேர்தானே என்று நினைத்தேன்.

கடைக்கு அடுத்தது ஒரு வெறும் பனங்காணி. அதற்கு அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் இருந்தார். அவர் இறந்தபோது மூத்த மகன் மனைவியோடு கனடாவிலிருந்து வந்தார். ஊரில் ஒரு சாவு விழுந்தால் ஒருவர் கதிரை கொடுப்பார், ஒருவர் தேத்தண்ணிக் கேத்தலைக் கொடுப்பார், ஒருவர் வந்து பந்தல் போடுவார். செத்தவீட்டுக்கு இல்லை என்று யாரும் சொல்வதில்லை. நான் ரவுட்டரைக் கொடுத்தேன். மூன்று நாள் அது அந்த வீட்டு அலுமாரிக்கு மேல் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களிடம் உள்ளூர் சிம் இல்லை. ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். பன்னிரண்டு இலக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்துப்போய், தாள் பெட்டியின் மட்டை ஒன்றைக் கிழித்து, கறுத்தப் பேனையால் பெரிதாக எழுதி, பந்தல் காலில் சணலால் கட்டினேன். கண்ணாடி இல்லாதவர்களுக்கும் தெரியட்டும் என்று நன்றாகப் பெரிதாகவே எழுதினேன்.

மூன்றாம் நாள் ரவுட்டரைக் கொண்டுவந்து கடையின் பின் யன்னலில் வைத்தேன். கடவுச்சொல்லை மாற்றவில்லை. அட்டை என்ன ஆனது என்றும் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து நாலாம் நாள், மத்தியான வெயிலில், தபாலதிபரின் மனைவி குடையோடு கடைக்கு வந்தார். சாவுத்தீட்டான துடக்கு நாட்களில் அப்படி வெளிக்கிடுவதில்லை. அதனால் உள்ளே வந்து இருக்கவில்லை, வாசலில் நின்றே கதைத்தார். நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் பிள்ளைகளின் பெயர்களைத் தன் கையால் எழுதியிருந்தார்.

"பிள்ளை, மூத்தவன் தந்த பட்டியலை விடு. இதைப் போடு."

என்னிடம் வேலை செய்தவர் தாளை வாங்கி வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "அம்மா, இந்த ரெண்டாவது பேர்…"

"ஓம். அவதான்."

இரண்டாவது பிள்ளையான மகள் வேறு சாதியில் ஒருவரை மணந்து போய் இருபது வருடம். வவுனியாவில் இருப்பதாகத் தெரியும். அந்த வீட்டில் அவளைப் பற்றிக் கதைப்பதில்லை. தகப்பனின் செத்தவீட்டுக்கும் அவள் வரவில்லை, வரவிடவில்லை.

"அவருக்கும் உள்ளுக்குள்ளை விருப்பம்தான். வாய் திறக்கமாட்டார். அவர்தான் போயிட்டார், இனி என்ரை விருப்பம்" என்றார் அந்த அம்மா. "மூத்தவனுக்கு இப்ப தெரியவேண்டாம். அடிச்சு வந்தாப் பிறகு ஐந்நூறு புத்தகத்தையும் இருந்து கிழிக்கப்போறானே?"

பிறகு, தாளை வாங்கியவரின் கையைப் பிடித்தார். துடக்கையும் மறந்து பிடித்தார். "உன்னை நம்பித்தான் தாறன் பிள்ளை."

"நான் பாத்துக்கொள்ளுறன் அம்மா" என்றார் இவர்.

நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பக்கத்தை அடித்துப் பொதுக் கோப்புறையில் வைத்தார். நாட்காட்டித் தாளை ஒரு நீலக் கோவையில் போட்டுத் தன் மேசை லாச்சிக்குள் வைத்தார்.

நாலு நாள் போகவில்லை. அந்தப் பக்கத்தின் படம், முதலில் யார் அனுப்பியது என்று தெரியாதபடி கைமாறிக் கைமாறி, கனடாவிலும் லண்டனிலும் இருந்த பிள்ளைகளுக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தது. கணினித் திரையைக் கைபேசியால் எடுத்த படம். அங்கிருந்து அழைப்பு மேல் அழைப்பு. அம்மாவுக்கு அறளை பெயர்ந்துவிட்டது, வயதில் புத்தி தடுமாறிவிட்டது என்று ஒரு மகன் சொன்னானாம். அந்தியேட்டிக்குக் காசும் அனுப்பமாட்டேன், ஆளும் வரமாட்டேன் என்று இன்னொருத்தி சொன்னாளாம். அடுத்தநாள் காலை அந்த அம்மா மறுபடி வந்தார். இந்த முறை மூத்த மகன் பின்னால் நின்றார்.

அவர் சத்தம் போடவில்லை. "மாஸ்ரர், உங்கடை கடைக்குள்ளை இருந்துதான் உது போயிருக்கு. அச்சுப் பிரதி ஒண்டும் வெளியிலை வரேல்லை. ஆர் அனுப்பினது எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றார்.

 கடை போச்சு என்பதுதான் எனக்கு முதலில் வந்த நினைவு. கல்வெட்டு அடிக்கும் கடையிலிருந்து கதை வெளியே போகிறது என்றால் யார் வருவார்கள்? வலையமைப்பில் ஓட்டை இருக்கலாம் என்று ஒரு கணமும் தோன்றவில்லை. அதைப் பூட்டியவன் நான் அல்லவா.

"நான் அனுப்பேல்லை" என்றேன்.

"நானும் இல்லை சேர்" என்றார் அவர், கதிரையிலிருந்து எழும்பி.

அப்போது நான் சொன்னது இது: "இந்தக் கடையிலை ரெண்டே ரெண்டு பேர். ரெண்டு பேருக்குத்தான் உள்ளை போகத் தெரியும். நான் இல்லை."

கணக்குப் போல் சொன்னேன். இரண்டிலிருந்து ஒன்றைக் கழித்துக் காட்டினேன்.

அந்த அம்மா அவரையே பார்த்தார். "நான் உன்னை நம்பித்தானே பிள்ளை தந்தனான்" என்றார். கோபமாக அல்ல. ஏதோ தவறிப்போன பொருளை எங்கே வைத்தோம் என்று கேட்பதுபோல் கேட்டார்.  

அவர்கள் போனபின் நான், "நாளையிலை இருந்து வரவேண்டாம்" என்றேன். சாப்பாட்டுப் பெட்டி, குடை, கண்ணாடிக் கூடு, பஞ்சாங்கம். நாலையும் பையில் போட்டார். வாசலில் கொஞ்சம் நின்றார். எங்கள் பக்கத்தில் எங்கிருந்து புறப்பட்டாலும் "போயிட்டு வாறன்" என்று சொல்லித்தான் போவோம். செத்தவீட்டிலிருந்து போகும்போது மட்டும் அதைச் சொல்வதில்லை. அவர் சொல்லாமல் போனார்.

அடுத்த ஒன்பதாம் நாள், கடையின் கணினிகளுக்கு நல்ல பாதுகாப்புச் செய்யவேண்டும் என்று சுன்னாகத்திலிருந்து ஒருவரைக் கூப்பிட்டேன். கணினி திருத்துபவர், தலை வழுக்கை, ஐம்பது வயதிருக்கும். போனவர் ஏதாவது செய்துவிடுவாரோ என்ற பயத்தில்தான் கூப்பிட்டேன் என்பதையும் சொல்லவேண்டும்.

அவர் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து கொஞ்சநேரம் பார்த்தார்.

"மாஸ்ரர், இந்தக் கடையிலை எத்தினை பேர்?"

"இப்ப நான் மட்டும்தான்."

"உதுக்குள்ளை பத்தொன்பது பேர் நிக்கினம்."

நான் சிரித்தேன். பகிடி என்று நினைத்தேன். அவர் தன் கைபேசியில் கடவுச்சொல்லைப் போட்டுக்கொண்டு, பனங்காணி ஓரமாக நடந்துபோய்த் தபாலதிபர் வீட்டு வாசல் படலைக்குக் கிட்ட நின்றார். அங்கிருந்து சத்தமாகச் சொன்னார்: "உங்கடை கோப்புறை இஞ்சையும் திறக்குது. கல்வெட்டெல்லாம் கிடக்கு. ஒண்டை வாசிக்கட்டோ?"

"வேண்டாம், வாரும்" என்றேன்.

வந்து இருந்தார். "பாஸ்வேர்ட்டை ஆருக்குக் குடுத்தனீங்கள்?"

"ஒருத்தருக்கும் இல்லை."

"ஒருத்தருக்கும் இல்லையோ. அப்ப இந்த ஊர் முழுக்கக் கணக்கிலை புலி போலை கிடக்கு."

அந்த நேரத்தில்தான் மட்டை என் கண்ணுக்குள் வந்தது. கறுத்த இலக்கங்கள், சணல், பந்தல் கால், எல்லாம் வந்தது. நான் சொன்னேன், அவர் தலையில் கைவைத்தார். "மாஸ்ரர், போன் ஒருக்கா உள்ளை வந்தா அந்தச் சொல்லை மறக்காது. பெட்டியை எங்கை கொண்டுபோய் வைச்சாலும் தானாப் போய் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் வீட்டுத் திறப்பை ஊருக்கெல்லாம் குடுத்திட்டு, வாசலிலை நாய் கட்டியிருக்கிறியள்."

பிறகு வேலையைத் தொடங்கினார். ரவுட்டருக்குள் புகுந்து அமைப்பை மாற்றுவதற்கு என்று வேறொரு கடவுச்சொல் உண்டாம். அது தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தது, பெட்டியின் அடியிலேயே அச்சடித்திருந்தது. அதை மாற்றினார். வைஃபைக்குப் புதிய கடவுச்சொல் போட்டார், எண் மட்டும் வேண்டாம், நாலைந்து தொடர்பில்லாத சொற்களைக் கோத்து நீளமாக வையுங்கள் என்றார். கடைக்கு வருபவர்களுக்கும் செத்தவீட்டுக்கும் தனியாக ஒரு விருந்தினர் இணைப்பு உண்டாக்கினார். அதில் வருபவர் இணையம் மட்டும் பார்க்கலாம், கடையின் கணினிகள் கண்ணுக்கே தெரியாது. பொத்தானை அமத்தினால் கடவுச்சொல் இல்லாமலே சேரும் வழி ஒன்று இருந்தது, அதை மூடினார். பெட்டிக்குள் ஓடும் மென்பொருளைப் புதுப்பித்தார். கோப்புறைக்கு இரண்டு பூட்டுப் போட்டார்.

"வெளியிலை ஆருக்கும் குடுத்தா, திரும்பி வந்த உடனை மாத்துங்கோ. வேலை ஆள் மாறினாலும் மாத்துங்கோ. மாதத்துக்கு ஒருக்கா எத்தினை பேர் நிக்கினம் எண்டு எண்ணிப் பாருங்கோ. எண்ணுறது உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை." எழும்பும்போது மேசையைப் பார்த்தார். "பழைய கையெழுத்துத் தாளுகளையும் சும்மா விடாதேங்கோ. கொம்பியூட்டரைப் பூட்டிப்போட்டு லாச்சியைத் திறந்து வைச்சா என்ன பிரயோசனம்?"

பத்தொன்பது பேரும் ஒரே அடியாக விழுந்தார்கள். திரையில் என் கணினி மட்டும் நின்றது.

அவர் போய் அரை மணித்தியாலம் ஆகவில்லை, மூத்த மகனின் மனைவி மடிக்கணினியைக் கையில் ஏந்திக்கொண்டு ஒழுங்கையால் வந்தார்.

"மாஸ்ரர், உங்கடை வைஃபை நிண்டிட்டுதே? செத்தவீட்டு நாளிலை இருந்து நாங்கள் எல்லாரும் உதிலைதானே இருக்கிறம்."

அவருடைய முகத்தில் கள்ளம் ஏதும் இல்லை. தந்ததைப் பாவிக்கிறோம் என்றுதான் கேட்டார். எங்கள் கோப்புறை அந்தத் திரையில் தானாக வந்து நின்றிருக்கும், அதில் மாமனாரின் பெயரில் ஒரு கோப்பு, யார்தான் திறக்கமாட்டார்கள்? திறந்து, படம் எடுத்து, தன் பக்கத்து நியாயத்துக்காக அனுப்பியிருப்பார். எல்லாம் அந்த நிமிடத்தில் எனக்கு விளங்கியது.

"பழுது பிள்ளை. இனி வராது" என்றேன்.

அந்தியேட்டிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அந்த அம்மா எழுபது கஜத்துக்கு அப்பால் உயிரோடு இருந்தார். எழும்பி நடந்துபோய், "அம்மா, அவ இல்லை, பிழை என்னுடையது" என்று சொல்லியிருந்தால் போதும். அதற்குப் பதில் நான் பின்கதவைத் திறந்து, அந்தப் பெண்ணின் லாச்சியை அப்படியே இழுத்து எடுத்து, உள்ளே இருந்த தாள் முழுவதையும் முற்றத்தில் போட்டுக் கொளுத்தினேன். கணினிக்காரர் சொன்னபடி செய்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒன்றையும் பிரித்துப் பார்க்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று பலநாள் யோசித்திருக்கிறேன். அந்தியேட்டி முடியட்டும் என்று முதலில் நினைத்தேன். கல்வெட்டை அவர்கள் வேறு அச்சகத்தில் அடித்தார்கள், அந்த மகளின் பெயர் இல்லாமல். பிறகு மகன் கனடா போகட்டும் என்று நினைத்தேன். பிறகு, இவ்வளவு நாள் சொல்லாததை எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். படிப்பித்த காலத்தில், விடை பிழை என்று தெரிந்தால் கரும்பலகையில் உடனே அழித்துவிடவேண்டும் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். என் பிழையை நான் அழிக்கவில்லை.

அந்தப் பெண் இரண்டு அச்சகங்களில் வேலை கேட்டார். இரண்டு முதலாளிகளும் என்னை அழைத்து விசாரித்தார்கள். நான் அவரைப் பற்றிக் கெடுதலாக ஒன்றும் சொல்லவில்லை. "வேலையிலை கெட்டிக்காரி" என்றேன், அதோடு நிறுத்திக்கொண்டேன். அந்த நிறுத்தம் போதுமாயிருந்தது. தபாலதிபர் வீட்டுக்கு அவர் ஒருமுறை போனதாகவும் அந்த அம்மா அறையை விட்டு வெளியே வரவில்லை என்றும் பிறகு கேள்விப்பட்டேன்.

பதினாலு மாதத்தில் அந்த அம்மாவும் போனார்.

மறுபடி ரவுட்டரோடு போனேன். இந்த முறை விருந்தினர் இணைப்பின் கடவுச்சொல்லை, சிறிய அட்டையில் அழகாக அச்சடித்து மேசையில் வைத்திருந்தேன். வாசலுக்கு நேரே கைபேசியைத் தாங்கியில் பூட்டிக்கொண்டு நின்றபோது, படலையில் அந்தப் பெண் வருவதைக் கண்டேன். வெள்ளைச் சேலை. மெலிந்திருந்தார். கனடாவிலிருந்து மறுபடி வந்திருந்த மூத்த மகன் எழும்பிப் போய் அவர் முன்னால் நின்றார்.

"நீங்கள் உள்ளை வரவேண்டாம்."

"ஒருக்கா முகத்தைப் பாத்திட்டுப் போறன் தம்பி."

"வேண்டாம் அக்கா. அம்மா கடைசி மட்டும் உங்களை நினைச்சுத்தான் மனம் நொந்தவா."

எங்கள் ஊரில் செத்தவீட்டுக்கு அழைப்பு இல்லை. சண்டைக்காரனும் வருவான், வந்தவனை யாரும் மறிப்பதில்லை. என் வாழ்நாளில் மறித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தப் பெண் ஒழுங்கைக்கு எதிரே ஒரு வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாடை போகும்வரை வெயிலில் நின்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் அவரிலிருந்து இருபது அடி தள்ளி, கனடாவுக்குப் படம் சரியாகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் மகனிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்: மட்டை, பத்தொன்பது பேர், பூட்டாத கோப்புறை. மனைவி பக்கத்தில் இருந்தார். மடிக்கணினி என்ற சொல் வந்ததும் எழும்பி உள்ளே போய்விட்டார். மகன் அவர் போன கதவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மாஸ்ரர், அம்மாவும் போயிட்டா. உதை இனி ஏன் கிளறுறியள்?"

"அந்தப் பிள்ளைக்கு ஒரு சொல்லுச் சொல்லவேணும்."

"நீங்கள் சொல்லுங்கோ. என்ரை வீட்டுக்குள்ளை நெருப்பு வைச்சிட்டுப் போகாதேங்கோ."

இரண்டு அச்சகத்துக்கும் கடிதம் எழுதினேன், பிழை என்னுடையது, அவர் குற்றமற்றவர் என்று. ஒருவர் தொலைபேசியில், "சேருக்கு இரக்க மனம். பழியைத் தன்ரை தலையிலை போடுறார்" என்றார். மற்றவர் பதில் எழுதவில்லை. நான் பழி சொன்னபோது உடனே நம்பியவர்கள், உண்மை சொன்னபோது என்னை நல்லவன் ஆக்கினார்கள்.

பிறகுதான் தொண்டைமானாறு போனேன். முதலில் போயிருக்கவேண்டிய இடம். அண்ணன் வீட்டில் கேட்டபோது, சந்நிதிக் கோயிலில் ஒரு மடத்தில் மரக்கறி வெட்டுகிறார் என்றார்கள். மத்தியானப் பூசை முடிந்து அன்னதானம் தொடங்கியிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் நானும் வரிசையில் இருந்தேன். வாளியோடு சோறு போட்டுக்கொண்டு வந்தவர் அவர்தான். என்னைக் கண்டு ஒரு கணம் நின்றார். மற்ற எல்லோருக்கும் போட்ட அளவு எனக்கும் போட்டார். அடுத்த இலைக்குப் போனார்.

எல்லாம் முடிந்து கிணற்றடியில் பாத்திரம் கழுவும்போது கிட்டப் போய்ச் சொன்னேன். அவர் கழுவிக்கொண்டே கேட்டார்.

"எப்ப தெரியும் சேர்?"

பொய் சொல்ல நினைத்தேன் என்பதையும் மறைக்கவில்லை. "நீ போய் ஒன்பதாம் நாள்."

அவர் கை நின்றது. "அப்ப அம்மா இருந்தவா."

"ஓம்."

"பதினாலு மாசம் இருந்தவா."

"ஓம்."

தண்ணீரைச் சாய்த்து ஊற்றினார். "நீங்கள் அண்டைக்குச் சொன்னது எனக்கு விளங்கும் சேர். பயந்திட்டியள். அதை நான் எப்பவோ விட்டிட்டன்."  பிறகு நான் மறைத்ததைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

கடைக்குத் திரும்பி வரும்படி கேட்டேன். தலையை ஆட்டி மறுத்தார். "ஒண்டு மட்டும் செய்யுங்கோ. என்ரை லாச்சிக்குள்ளை நீலக் கோவை ஒண்டு கிடக்கும். அம்மா எழுதித் தந்த தாள் அதுக்குள்ளை. கொண்டுபோய் அந்த மகளிட்டைக் குடுங்கோ. தாய் தன்ரை கையாலை எழுதினது. அவவிட்டை வேறை ஒண்டும் இல்லை."

நான் அதை எரித்துவிட்டேன் என்று சொன்னேன்.

அப்போதுதான் அவர் அழுதார். தன்னைப் பற்றிச் சொன்ன எதற்கும் அழாதவர்.

அடுத்த கிழமை வவுனியாவுக்குப் போய், விசாரித்து, அந்த மகளைக் கண்டேன். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. தாயின் அதே நெற்றி. சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அம்மா என்ரை பேரை எப்பிடி எழுதினவா? பள்ளிக்கூடப் பேரோ, வீட்டிலை கூப்பிடுற பேரோ?"

எனக்குத் தெரியவில்லை. நான் அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தவனே இல்லை. அதை வாசித்தவர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லி, மடத்துக்காரரிடம் வாங்கிய தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

முப்பத்தோராம் நாள் மகன்மார் கீரிமலைக் கடற்கரையில் அந்தியேட்டிக் கடமை செய்தார்கள். நான் போகவில்லை. பின்னேரம் வவுனியாவிலிருந்து கைபேசிக்கு ஒரு படம் வந்தது. நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்பக்கம். பதினொரு வருடம் நான் பார்த்துப் பழகிய கையெழுத்தில், அந்த அம்மா எழுதிய பட்டியல் அப்படியே நினைவிலிருந்து எழுதப்பட்டிருந்தது. இரண்டாவதாக மகளின் பெயர், அதற்குப் பக்கத்தில் வீட்டுப் பெயரும். கீழே ஒரு திதி வெண்பா. அந்த அம்மா இறந்தது ஏகாதசியில். அடங்காது என்ற அந்தச் சொல்லை இரண்டாகப் பிரித்து எப்படியோ உள்ளே அடக்கியிருந்தார்.

அந்த மகளும் அவரும் அன்று காலை கீரிமலைக்கு வந்து, மற்றவர்கள் போகும்வரை தள்ளி நின்று, பிறகு கடலில் முழுகிவிட்டுப் போனார்களாம்.

நான் அந்த மகளை அழைத்து, இதைக் கல்வெட்டாக நல்ல தாளில் அடித்துத் தருகிறேன், எத்தனை பிரதி வேண்டும் என்று கேட்டேன். எழுதியவரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மறுநாள் பதில் வந்தது.

"அடிக்க வேண்டாமாம் ஐயா. கையெழுத்தாவே இருக்கட்டுமாம்."

"வேறை ஏதும் சொன்னவவோ?"

"இல்லை. அவ்வளவுதான்."